தொண்ணூறு நாள் பதக்கம்

மூணு நாள் அந்தப் பதக்கம் எங்கள் லயத்துக் காம்பராவில், சாமிப் படத்துக்குக் கீழே, ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது.

அது எங்களுடையது இல்லை. எங்கள் குடும்பத்தில் எந்தத் தலைமுறையிலும் யாரும் ஆமியில் இருந்ததில்லை. பசறை ரோட்டில், எங்கள் தோட்டத்துக்கு ஏறும் முச்சந்தியில் கடை வைத்திருக்கும் ஆமி மாமாவுடையது. ஒரு காற்று மழை ராத்திரியில் கடைச் சுவரிலிருந்து சட்டம் விழுந்து கண்ணாடி நொறுங்கிப் போயிருந்தது. "பதுளைக்குத்தானே போறீங்க நங்கி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் படக்கடையில குடுத்து புதுசா ஒரு பிரேம் போட்டுட்டு வாங்க" என்று பழைய பேப்பரில் சுற்றித் தந்தார். தந்தது வெள்ளிக்கிழமை பின்னேரம். சனிக்கிழமை போயா. ஞாயிறு கடை பூட்டு. ஆக மூணு நாள்.

நாங்கள் மூன்று பேர். ஒரே அம்மாயியின் பேரப்பிள்ளைகள். ஒருத்தி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒருத்தன் கெம்பஸில் கடைசி வருஷம். இன்னொருத்தி பதுளை டவுனில் ஒரு கடையில் பில் போட்டுக்கொண்டே எக்கவுண்டிங் படிக்கிறாள். அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்தவர்கள், ஆகவே 'நாங்கள்' என்று எழுதுவது எங்களுக்கு வசதி. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்தச் சொல் உடையும். அதை அந்த இடத்திலேயே சொல்கிறோம்.

நான்காவதாக ஒருத்தன் இருக்கிறான். எங்கள் சின்னம்மா மகன். எல்லாருக்கும் தம்பி. ஏ.எல். எழுதி ரிசல்ட்டும் வந்தாயிற்று. கெம்பஸ் போகிற அளவுக்கு மார்க்ஸ் இல்லை. அந்த பிஸ்கட் டின்னுக்கு மேலே மாட்டியிருக்கிற முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு விண்ணப்பப் படிவம் செருகியிருந்தது. ஆமியில் சேருவதற்கான படிவம். பெயர், பிறந்த தேதி, உயரம் எல்லாம் நிரப்பியாயிற்று. கையெழுத்து மட்டும் பாக்கி.

ஏன்டா இந்த யோசனை என்று கேட்டதற்கு அவன் டின்னைத் திறந்து அந்தப் பதக்கத்தைக் கையில் எடுத்துக் காட்டினான். "இதுக்குத்தான்" என்றான்.

*

முதலில் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயசிலிருந்து கடைச் சுவரில் பார்த்திருக்கிறோம். தொட்டதில்லை. அரிசி நிறுக்கும்போதும் ரீலோட் போடும்போதும் அவருடைய தலைக்குப் பின்னால் அது தொங்கும். ஏதோ ஒரு ஆமி மெடல் என்று நினைத்திருந்தோம்.

கையில் எடுத்தால் வெண்கல நிறம். 35 மில்லிமீட்டர் விட்டம், நம்முடைய பத்து ரூபாய்க் காசை விட நன்றாகவே பெரிசு. முன் பக்கம் ஐக்கிய நாடுகள் சபையின் சின்னம். உலக வரைபடம், அதைச் சுற்றி ஒலிவ் இலைகள், மேலே 'யு.என்.' என்று இரண்டு எழுத்து. திருப்பினால் பின் பக்கம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. 'சமாதானத்தின் சேவையில்' என்று அர்த்தம். ஐ.நா. அமைதிப் பணிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பதக்கம் இதே மாதிரிதான்; மாறுவது மேலே இருக்கிற ரிப்பன். லெபனானுக்கு ஒரு நிறம், மாலிக்கு ஒரு நிறம், ஹெயிட்டிக்கு ஒரு நிறம். ரிப்பனைப் பார்த்தே யார் எங்கே இருந்து வந்தார் என்று தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். இது தவிர நம்முடைய நாட்டுப் படைகளும் வெளிநாட்டுப் பணிக்கென்று 'விதேஷ சேவா' என்ற பெயரில் தனியாக ஒரு பதக்கம் வைத்திருக்கின்றன.

எங்களை உட்கார வைத்தது வேறொரு விஷயம். இந்தப் பதக்கம் வீரத்துக்குத் தருவது இல்லை. யாரையும் காப்பாற்ற வேண்டாம், எதையும் பிடிக்க வேண்டாம். அந்தப் பணியில் 90 நாள் இருந்தால் போதும். தொண்ணூறு நாள் அங்கே இருந்தாய், அதற்கு இது.

"தொண்ணூறு நாளா?" என்று சின்னம்மா கேட்டார். அடுப்படியிலிருந்துதான் கேட்டார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் பேர் பதிஞ்சு இருபத்தெட்டு வருசம்."

அவர் அதைப் பொறாமையில் சொல்லவில்லை. கணக்காகத்தான் சொன்னார். தோட்டத்தில் எல்லாமே கணக்கு. எத்தனை கிலோ கொழுந்து, முழுப்பேரா அரைப்பேரா, செக்ரோலில் எத்தனை நாள். நாள் சம்பளம் 1000 ரூபாயாக வர்த்தமானியில் வந்தது 2021இல். அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது 2024இல். இதற்கு நடுவில் மா விலை எங்கே போனது, பாண் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும். இருபத்தெட்டு வருஷத்தில் சின்னம்மாவுக்குக் கிடைத்த ஒரே பரிசு, ஒரு மகளிர் தினத்தன்று கூடுதலாகக் கொழுந்து எடுத்ததற்காக மேடையில் கொடுத்த சுடுதண்ணிப் போத்தல். அது இப்போதும் இருக்கிறது. மூடி மட்டும் உடைந்துவிட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை அம்மாயி வந்து பார்த்தார். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. "என்னா காசு இது?" என்றார். அமைதிப்படைக்குப் போனவங்களுக்குக் கொடுக்கிற மெடல் என்று சொன்னோம்.

அம்மாயி கையை இழுத்துக்கொண்டார். "அமைதிப்படையா? இந்தியாக்காரனா?"

எங்கள் ஊரில் அமைதிப்படை என்ற சொல்லுக்கு அது ஒன்றுதான் அர்த்தம். 1987 ஜூலை 29இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதன் பெயரில் வடக்கு கிழக்குக்கு வந்து, 1990 மார்ச்சில் திரும்பிப் போன இந்தியப் படை. அது ஐ.நா. படை இல்லை. நீலத் தொப்பி கிடையாது. இரண்டு அரசுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. ஆனால் பெயர் மட்டும் அமைதி. அந்தப் படையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இறந்தார்கள். 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டொக்டர்களும் தாதிமாரும் கொல்லப்பட்டதும் அந்தப் படையின் கையால்தான்.

அடுத்த மாதம், நவம்பர் 25ஆம் திகதி, சண்டையில் செத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு இந்தியா தன்னுடைய மிக உயர்ந்த வீர விருதான பரம் வீர் சக்ராவைக் கொடுத்தது. பெயரைப் பாருங்கள். தமிழர். இந்தப் பதக்கத்துக்குப் பின்னால் ஒரு உண்மையான வீரம் இருந்திருக்கலாம். அதே மண்ணில் அதே மாதங்களில் சொந்தக்காரர்களைப் புதைத்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் அதைக் கொண்டுபோய்க் காட்ட முடியுமா? முடியாது. பரம் வீர் சக்ரா பெற்றவர்களில் ஐ.நா. அமைதிப் பணியில் உயிர்விட்டவர் ஒருவர்தான்: 1961 டிசம்பரில் கொங்கோவில் இறந்த கப்டன் குர்பச்சன் சிங் சலாரியா. கொங்கோவில் எத்தனை பேருக்கு அவருடைய பெயர் தெரியும் என்று யோசித்தோம். பதக்கம் எப்போதும் கொடுத்தவனின் கதையைத்தான் சொல்கிறது. யாருடைய ஊரில் அது சம்பாதிக்கப்பட்டதோ அந்த ஊர்க்காரனின் கதை அதில் எழுதியிருக்காது.

"இது அவங்க இல்ல அம்மாயி, இது நம்ம நாட்டு ஆமி வெளிநாட்டுக்குப் போனது" என்று விளக்கினோம்.

அம்மாயி கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு கேட்டார்: "இங்கன இல்லாத அமைதியக் கொண்டுபோயி அங்கன குடுத்தாய்ங்களா?"

*

அம்மாயியின் கேள்வி நக்கல் இல்லை. அவருடைய வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் அது நேரான கேள்வி.

1955 டிசம்பர் 14இல் இலங்கை ஐக்கிய நாடுகள் சபையில் சேர்ந்தது. அன்றைக்கு எங்கள் அம்மாயிக்கு 11 வயசு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லை. 1960இல் கொங்கோவுக்கு ஐ.நா. போனபோது இலங்கையும் அதில் பங்கெடுத்தது. அம்மாயிக்கு 16 வயசு, அப்போதும் அவர் நாடற்றவர்தான். 1964 ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். அவருடைய அண்ணன் இரண்டு பேர் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போனார்கள். ஒருவர் கொஞ்ச நாள் கடிதம் போட்டார். மற்றவர் போடவில்லை. எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை என்று 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது 2003இல்.

1983 ஜூலையில் பதுளை டவுன் எரிந்தபோது அம்மாயி கையில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒரு பிள்ளையோடு தேயிலைச் செடிக்குள் இரண்டு ராத்திரி படுத்திருந்தார். ரோட்டில் உடுப்புப் போட்டவர்கள் நின்றார்கள், காக்கியா பச்சையா என்று இருட்டில் தெரியவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான் என்பார். அந்த வயிற்றுப் பிள்ளைதான் சின்னம்மா.

2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி, பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ. புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ்ப் பொடியன்களை ஒரு கும்பல் உள்ளே புகுந்து வெட்டியது. 27 பேர். ஆயுதத்தோடு பொலிஸார் பக்கத்திலேயே இருந்தார்கள். வழக்கு நடந்தது, தண்டனையும் கொடுத்தார்கள். 2005இல் உச்ச நீதிமன்றத்தில் அதுவும் இல்லாமல் போனது. அப்போது சின்னம்மாவுக்கு 17 வயசு. இருபத்தெட்டு வருசக் கணக்கில் முதல் வருசங்கள் அவை. பதினெட்டு வயசிலும் இருபது வயசிலும் அவருடன் படித்த பொடியன்கள் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பஸ் ஏறியதை அவர் பார்த்திருக்கிறார்.

இப்படியான ஒரு அம்மாவிடம் மகன் வந்து, நான் ஆமியில் சேரப் போகிறேன் என்கிறான்.

சின்னம்மா கத்தவில்லை. "சேரு. ஆனா அந்த உடுப்போட இந்த லயத்துக்குள்ள வராத. கீழ கடையில மாத்திக்கிட்டு வா" என்றார். நாங்கள் கேட்டதிலேயே கடினமான வார்த்தை அதுதான்.

*

தம்பியின் பக்கம் நியாயம் இல்லை என்று நினைக்காதீர்கள். அவனுக்கு அவனுடைய கணக்கு இருந்தது.

ஆமி மாமாவின் கடை ஹெயிட்டிக் காசில் கட்டியது. இது ஊருக்கே தெரியும். ஐ.நா. ஒவ்வொரு சிப்பாய்க்கும் இவ்வளவு என்று அவன் நாட்டு அரசாங்கத்துக்குக் காசு கொடுக்கிறது. 2018 ஜூலையிலிருந்து அது மாதத்துக்கு ஆளுக்கு 1428 டொலர். பிறகு கொஞ்சம் கூடியது. அது நேராகச் சிப்பாயின் கைக்குப் போகாது. அரசாங்கம் எடுத்துக்கொண்டு தன்னுடைய விதிப்படி கொடுக்கும். அப்படிக் கொடுத்தாலும் ஊரில் வாங்குகிற சம்பளத்தோடு பார்த்தால் பெரிய காசு. நேபாளம், பங்களாதேஷ், இந்தியா, ருவண்டா என்று ஐ.நா.வுக்கு அதிகமாக ஆள் அனுப்புகிற நாடுகளைப் பாருங்கள். காசு கொடுக்கிற நாடுகள் வேறு, ஆள் கொடுக்கிற நாடுகள் வேறு. எங்களைப் போன்ற வீடுகளிலிருந்துதான் உலக அமைதிக்கு ஆள் போகிறது. துபாய்க்கு வீட்டு வேலைக்கும் அதே வீடுகளிலிருந்துதான் போகிறார்கள்.

காசு மட்டும் இல்லை. "அக்கா, இந்த ஆமியில நம்ம ஆள் யாருமே இல்லன்னு நீங்கதானே சொல்றீங்க. யாருமே போகாட்டி எப்பிடி இருப்பாங்க?" என்று கேட்டான். "தோட்டத்துப் பொடியன் நீலத் தொப்பி போட்டுக்கிட்டு நின்னா அத நீங்க படம் புடிச்சுப் போட மாட்டீங்களா?"

போடுவோம். உண்மையைச் சொன்னால், முதல் ஆளாகப் போடுவோம். அதுதான் எங்களுக்கும் சங்கடம்.

*

திங்கட்கிழமை பதுளைக்குப் போய்ப் புதுச் சட்டம் போட்டுக்கொண்டு பின்னேரம் கடைக்குப் போனோம். தம்பியும் வந்தான். ஆமி மாமா பிளேன்டீ போட்டுத் தந்தார். 'மாமா' என்பது தமிழிலும் சிங்களத்திலும் ஒரே சொல் என்பதால் சின்ன வயசில் அவர் எங்கள் ஆள் என்றே நினைத்திருந்தோம். அவருக்குத் தமிழும் எங்களைப் போலவே வரும்.

மூணு நாளும் நாங்கள் போனில் தேடி வாசித்திருந்தோம். அதனால் சும்மா கேட்க முடியவில்லை.

ஹெயிட்டியில் ஐ.நா. பணி தொடங்கியது 2004இல். அந்த வருஷமே இலங்கைப் படையணியும் போனது. 2007 நவம்பரில் அங்கே இருந்த ஏறக்குறைய 950 பேரில் 108 பேரை ஐ.நா. திருப்பி அனுப்பியது. குற்றச்சாட்டு, அங்கே இருந்த பெண்களையும் பிள்ளைகளையும் பாலியல் ரீதியாகச் சுரண்டியது. பசித்த பிள்ளைகள், சாப்பாட்டுக்கும் சில்லறைக் காசுக்கும். 2017 ஏப்ரலில் அசோசியேட்டட் பிரஸ் ஐ.நா.வின் உள் விசாரணை அறிக்கையை எடுத்து எழுதியபோது, சம்பந்தப்பட்ட இலங்கைச் சிப்பாய்கள் 134 பேர் என்றும், ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை என்றும் உலகமே வாசித்தது. நாங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில். எங்களுக்குத் தெரியாது.

அதே ஹெயிட்டியில் 2010இல் நேபாளப் படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து கொலரா பரவியது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் செத்தார்கள். ஐ.நா. மன்னிப்புக் கேட்டது 2016இன் கடைசியில். ஐ.நா. அமைதிப் படைக்கு 1988இல் நோபல் சமாதானப் பரிசும் கிடைத்திருக்கிறது. இரண்டும் ஒரே படை பற்றித்தான்.

டீச்சர்தான் கேட்டாள். "மாமா, நீங்க போனது எந்த வருசம்?"

"ரெண்டாயிரத்து ஏழு."

கடையில் வேறு யாரும் இல்லை. அவர் சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் என்ன வாசித்திருக்கிறோம் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"நான் வந்து ரெண்டு மூணு மாசத்துல பேப்பர்ல வந்துச்சு நங்கி. நான் அந்தக் கூட்டம் இல்ல. ஆனா அதுக்குப் பொறகு பஸ்ஸில ஏறினாலும், கல்யாண வீட்டுக்குப் போனாலும், ஹெயிட்டின்னு சொன்னா சனம் ஒரு மாதிரி பாக்கும். எல்லாரையும் ஒரே கண்ணாலதான் பாத்தாங்க."

"அந்தப் பிள்ளைங்க எந்தக் கண்ணால பாத்திருக்கும் மாமா?"

கேட்டது எங்களில் யார் என்று எழுதத் தேவையில்லை. மூன்று பேருக்கும் அந்தக் கேள்வி வாயில் இருந்தது. அவர் பதில் சொல்லவில்லை. சீனிப் பையின் வாயைக் கட்டினார். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார். தம்பி எங்களை முறைத்தான்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வேறு ஒன்று சொன்னார்.

"மீரியபெத்த தெரியும்தானே?"

தெரியாமல் இருக்குமா. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயம் லயமாக மண்ணுக்குள் போனது. அங்கே மண் சரியும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். சனத்தை ஏற்றி வேறு இடத்தில் வைக்க ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, அம்மா அப்பாவும் இல்லை.

"நான் அப்ப தியத்தலாவையில. எங்களத்தான் அனுப்பினாங்க. முழங்கால் வரைக்கும் சேறு. மழ விடல. கையாலயும்தான் தோண்டினோம். ஒரு சின்னப் புள்ளயோட செருப்பு கெடச்சுச்சு, ஒத்தச் செருப்பு. அத யார்கிட்ட குடுக்கிறதுன்னு தெரியல. கொஞ்ச நாள் என் பேக்லயே இருந்துச்சு." புதுச் சட்டத்தைத் துணியால் துடைத்தார். "அதுக்கு எனக்கு மெடல் இல்ல. ஹெயிட்டிக்கு இருக்கு. அங்க நான் பெருசா ஒண்ணும் செய்யல மல்லி. ரோட்டுல நின்னேன். கேட்டுல நின்னேன். தொண்ணூறு நாள் ஆச்சு, குத்தினாங்க."

இதைத் தம்பியைப் பார்த்துத்தான் சொன்னார்.

*

அவர் அவனுக்குச் சொன்ன மற்ற விஷயங்களையும் எழுதிவிடுகிறோம், இதே யோசனையில் இருக்கிற வேறு தம்பிகளுக்கு உதவும்.

ஆமியில் சேர்ந்தால் ஐ.நா.வுக்குப் போகலாம் என்பது கொடுத்த வாக்கு இல்லை. 2019இல் இராணுவத் தளபதியாக நியமிக்கப்பட்டவர் மீது இறுதி யுத்தம் தொடர்பான குற்றச்சாட்டுகள் இருந்ததால், தவிர்க்க முடியாத இடங்கள் தவிர இலங்கை இராணுவத்திலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்துவதாக ஐ.நா. சொன்னது. மேலே உட்கார்ந்திருக்கிற ஒருவருடைய கணக்குக்குக் கீழே இருக்கிற ஆயிரம் பேர் கட்டுகிறார்கள். ஆமியையும் சின்னதாக்கப் போவதாக 2023 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. 2030க்குள் ஒரு லட்சம் பேர் என்று. போனாலும் எல்லாரும் திரும்பி வருவதில்லை. 2019 ஜனவரி 25இல் மாலியில் கண்ணிவெடியில் சிக்கி இலங்கைக் கப்டன் ஒருவரும் கோப்ரல் ஒருவரும் இறந்தார்கள். அப்படிச் சாகிறவர்களுக்கென்று ஐ.நா.விடம் வேறொரு பதக்கம் இருக்கிறது, டாக் ஹமர்ஷோல்ட் பதக்கம். ரிப்பனில் தொங்குவது இல்லை, முட்டை வடிவத்தில் ஒரு கண்ணாடி. குத்திக்கொள்ள முடியாது. குத்திக்கொள்ள ஆள் இருக்காது.

"வேலைக்கு வேணும்னா சேரு மல்லி. மெடலுக்கு வேணாம்" என்றார் ஆமி மாமா.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறோம். இங்கே நாங்கள் ஒன்று இல்லை.

எங்களில் ஒருத்தி சொல்கிறாள்: தம்பி போகக் கூடாது. பிந்துனுவெவக்கு இன்னும் பதில் இல்லை, ஹெயிட்டிப் பிள்ளைகளுக்கும் பதில் இல்லை, பதில் சொல்லாத ஒரு வரிசையில் நம்ம பிள்ளை போய் ஏன் நிற்க வேண்டும்?

ஒருத்தன் சொல்கிறான்: போகட்டும். 1983இல் ரோட்டில் நின்றவர்களில் தமிழ் தெரிந்த நாலு பேர், லயத்தில் பிறந்த நாலு பேர் இருந்திருந்தால் அம்மாயி தேயிலைக்குள் படுத்திருக்க வேண்டியிருக்காது. வெளியே நின்று குறை சொல்வது சுகம்.

மற்றவள் சொல்கிறாள்: அந்த நாலு பேர் மட்டும் என்ன செய்திருப்பார்கள், கட்டளை வந்தால்? அதோடு நீங்கள் இரண்டு பேரும் அவனுடைய ஏ.எல். ரிசல்ட்டைப் பற்றிப் பேசவே இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் படிப்பிக்க டீச்சர் இல்லாததால் ஆர்ட்ஸ் எடுத்தவன் அவன். அவனுக்கு முன்னால் இருப்பது மூணு வழி: கொழும்பில் கடை, வெளிநாடு, இந்தப் படிவம். இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதை அவனுடைய விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

மூன்று பேரும் இதை வாரக்கணக்காகப் பேசினோம். முடியவில்லை. ஒரே முடிவுக்கு வந்த மாதிரி எழுதினால் அது பொய்.

*

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அம்மாயி போன பிறகு, தம்பி விளையாட்டுக்கு அந்தப் பதக்கத்தை எடுத்துச் சின்னம்மாவின் சட்டையில் குத்திவிட்டான். கொழுந்து மலைக்குப் போகும்போது போடுகிற பழைய ஆம்பிளைச் சட்டை. இடது பக்கம், சரியான இடத்தில். "இருபத்தெட்டு வருசத்துக்கு" என்று சொல்லி சல்யூட் அடித்தான். எல்லாரும் சிரித்தோம். போனில் படம் எடுக்கப் போனோம்.

சின்னம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினார். குனிந்து அதைப் பார்த்தார். விரலால் கீழே இருந்து ஒரு தரம் தூக்கிப் பார்த்தார், கொழுந்துப் பை நிறுக்கிற மாதிரி.

"கனமாத்தான் இருக்கு" என்றார். பிறகு ஊசியைப் பார்த்துக் கழற்றி, சட்டை ஓட்டையைத் தேய்த்துவிட்டு, டின்னுக்குள் வைத்து மூடினார். "அடுத்தவன் பொருளு. பத்திரமா கொண்டுபோயி குடுத்துருங்க."

கொடுத்துவிட்டோம். இப்போது அது மறுபடி கடைச் சுவரில் தொங்குகிறது. புதுச் சட்டம், புதுக் கண்ணாடி. ஒரே ஒரு மாற்றம். முன்பு காசு மேசைக்கு நேர் மேலே, வருகிறவர்கள் கண்ணில் படும்படி இருந்தது. இப்போது உள் பக்கம், அரிசி மூட்டைகளுக்கு மேலே மாட்டியிருக்கிறார். ஏன் மாமா என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

படிவம் இன்னும் முருகன் படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. கையெழுத்து இல்லை. கிழிக்கவும் இல்லை. சாம்பிராணி போடும்போது சின்னம்மா படத்தைத் துடைப்பார், அப்போது அந்தக் கடதாசி சற்று வெளியே வரும். அதை அவரே மறுபடி உள்ளே தள்ளி வைக்கிறார்.